நத்தை இல்லாத சுவர்

பையனை ஜப்பானுக்கா அனுப்பப் போகிறீர்கள், அண்ணாச்சி?

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்தது. இந்தப் பஸ்ஸில் யார் காதில்தான் விழவில்லை? கல்லிடைக்குறிச்சியில் ஏறியதிலிருந்து மச்சானோடு அதைத்தானே பேசிக்கொண்டு வருகிறீர்கள். உங்கள் பையனுடைய மார்க் இந்நேரம் டிரைவருக்கே மனப்பாடமாகியிருக்கும். உங்கள் மச்சான் சொல்வது ஒன்றும் சரியில்லை. ஏஜென்ட், பேக்கேஜ் எல்லாம் விட்டுத்தள்ளுங்கள். ஜப்பான் விஷயம் என்றால் என்னைக் கேளுங்கள். நான் ஒரு ஆளை அனுப்பியிருக்கிறேன்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். அந்த ஆள் அப்படிச் சொல்ல மாட்டாள். அது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், வெயில் இந்தப் பக்கம் அடிக்கிறது.

நான் யாரென்று சொல்லவில்லையே. டாக்டர் ஆவுடையப்பன். கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர். நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை. மண்புழுவில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினவன். பட்டம் வாங்கின பிறகு நான் மண்புழுவைத் தொந்தரவு செய்ததில்லை. அதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. மரியாதையாக இருந்துகொண்டிருக்கிறோம்.

அனுப்பியது ஒரு பெண்ணை. முத்துப்பேச்சி என்று பெயர். எம்.எஸ்ஸி. படித்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், அம்மா தையல். வாயே திறக்க மாட்டாள். திறந்தால் கேள்விதான் வரும். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே போவேன், கடைசி பெஞ்சிலிருந்து கை ஒன்று எழும்பும். "சார், அது ஏன் சார்?" ஏன் என்று எனக்கெப்படித் தெரியும்? புத்தகம் எழுதினவனிடம் கேட்க வேண்டியது.

அவளுக்கு வேலை என்னவென்றால், நத்தை பார்ப்பது. சிரிக்காதீர்கள். எங்கள் கல்லூரிக்குப் பின்பக்கம் ஒரு பழைய கல்சுவர் இருக்கிறது. மலையடிவாரம் இல்லையா, எப்போதும் ஈரம்தான். பாசி, செடி, பொந்து. மழை பெய்தால் அந்தச் சுவரில் நத்தை ஊரும். நகத்தளவு நத்தை. இந்தப் பெண் சுவரடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றின் ஓட்டிலும் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைப்பாள். ஒன்றுக்கு ஒரு புள்ளி, இன்னொன்றுக்கு இரண்டு புள்ளி. எந்த நத்தை எந்தப் பொந்திலிருந்து கிளம்புகிறது, இரை தின்றுவிட்டு அதே பொந்துக்குத் திரும்புகிறதா, இல்லை அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறதா என்று பார்க்கிறாளாம். இரண்டு மழைக்காலம் இதே வேலை.

நான் ஒருநாள் வகுப்பில் கேட்டேன். "ஏம்மா, நத்தைக்கெல்லாம் நெயில் பாலிஷ் போட்டு விடுறியே, உன் நகத்துக்கு யாரும்மா போடுவா?"

"அடுத்து மருதாணி வப்பா சார்," என்றான் ஒருத்தன்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். குனிந்துகொண்டிருந்தாள். வகுப்பை நான் எப்போதும் கலகலப்பாகத்தான் வைத்திருப்பேன்.

நவம்பரில் கமிட்டி வந்தது. கல்லூரிக்குக் கிரேடு போடுகிற கமிட்டி, மூன்று பேர். இந்தக் கமிட்டி என்பது அண்ணாச்சி, பெண் பார்க்க வருகிற மாதிரிதான். வீடு எப்படி இருந்தால் என்ன, வருகிற அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டு, "ஆவுடையப்பன், வளாகத்தூய்மை உங்க பொறுப்பு" என்றார். எனக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஆள் விட்டுச் சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பொந்துகளையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுண்ணாம்பு அடித்தேன். ஒரே நாள். சாயங்காலம் பார்த்தால் சுவரா அது? பால்.

அன்றைக்கு அந்தப் பெண் சுவரடியில் நின்றுகொண்டிருந்தாள். தரையில் உதிர்ந்து கிடந்ததையெல்லாம் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. சுண்ணாம்புத் தூசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. "கண்ணைத் தேய்க்காதே, தண்ணி விட்டுக் கழுவு" என்று சொல்லிவிட்டுப் போனேன். நமக்கு மாணவர்கள்மேல் அக்கறை இருக்கத்தானே செய்யும்.

கிரேடு 'ஏ' கிடைத்தது. அறிக்கையில் என் வாசகம் ஒன்று அப்படியே ஏறியிருக்கிறது. 'பூச்சி புழுக்கள் அற்ற தூய வளாகம்.' விலங்கியல் துறைத் தலைவர் எழுதிய வாசகம்.

இனி ஜப்பானுக்கு வருகிறேன். வீரவநல்லூரா இது? கூட்டம் ஏறும். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் சேர்வதற்கு நம் ஊர் மாதிரி ஆபீசில் பணம் கட்டி விண்ணப்பம் வாங்கி வரிசையில் நிற்பதெல்லாம் கிடையாது. அங்கே முதலில் ஒரு பேராசிரியரைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதென்றால் நாம் பிடிக்கிற மாதிரி இல்லை. ஆள் மூலமாகப் போய், வெற்றிலைத் தட்டு வைத்து... அதெல்லாம் செல்லாது. நான் என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறேன், இதுவரை என்ன செய்திருக்கிறேன், எங்கே எனக்குத் தெரியவில்லை என்று அவருக்கு மெயில் போட வேண்டும். எங்கே தெரியவில்லை என்று எழுத வேண்டுமாம்! தெரியவில்லை என்று எழுதினால் சீட் கொடுக்கிற நாடு, அண்ணாச்சி. அவர் படித்துப் பார்த்து, சரி, இவரை என்னிடம் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் விண்ணப்பமே.

இவள் ஹோரிகாவா என்று ஒருவருக்கு எழுதியிருக்கிறாள். வாழ்நாள் முழுவதும் நத்தை பார்த்தவர். பதில் போட்டுவிட்டார். பக்கம் பக்கமாகக் கேள்வி. எனக்கு எங்கள் பல்கலைக்கழகம் பதவி உயர்வுக்குப் பதில் போட எடுத்துக்கொண்ட காலத்தில் அந்த மனிதர் நத்தைக்குப் பேரன் எடுத்துப் பார்த்திருப்பார். இவளும் செல்போனை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழி படித்து, சென்னை போய்ப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தபோதுதான் தெரியும்.

வீட்டில் வேறு அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். திசையன்விளையில் மொபைல் கடை, நல்ல மாப்பிள்ளை. இந்தச் சீட் கிடைத்தால் ஜப்பான், கிடைக்காவிட்டால் வைகாசியில் தாலி, அதற்குமேல் ஒரு பேச்சும் பேசக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். இதை அவளாகச் சொல்லவில்லை. நான் "ஜப்பான்லாம் எதுக்கும்மா" என்று கேட்டதற்குச் சொன்னாள். இரண்டுமே நல்ல வழியாகத்தான் எனக்குப் பட்டது.

"சரிம்மா, நீயே எழுதிட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றேன். அதுதானே வழக்கம்? நான் படிக்கிற காலத்தில் எனக்கு நானேதான் எழுதிக்கொண்டேன். 'அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்தவர்' என்று என்னைப் பற்றி நான் எழுதியதை எங்கள் பேராசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நம்பிக்கை.

இவள் தயங்கினாள். "இல்ல சார், அவங்க உங்களுக்குத்தான் நேரடியா லிங்க் அனுப்புவாங்க. நான் பாக்கக் கூடாதாம்."

"நீ பாக்காம எப்படி எழுதுறது? உன்னைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

விடுங்கள், பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம். முந்தைய வருடம் ஒரு பையனுக்குக் கொடுத்த கடிதம் கம்ப்யூட்டரில் இருந்தது. பெயரை மாற்றி ஏற்றிவிட்டேன். அந்தப் பையன் கபடி டீம் கேப்டன். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டது. பெரிய குற்றமா? கூடுதலாக ஒரு தகுதிதானே. அதில் இன்னொரு கேள்வி வேறு: இந்த மாணவரிடம் உள்ள குறை என்ன? சிபாரிசுக் கடிதத்தில் போய் யாராவது குறை எழுதுவார்களா? காலியாக விட்டால் கம்ப்யூட்டர் மேலே போகமாட்டேன் என்கிறது. 'அதிகம் கேள்வி கேட்பார். கண்டித்தால் சரியாகிவிடும்' என்று போட்டேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நம் ஊராக இருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பேராசிரியர் என்னோடு பேச வேண்டும் என்று மெயில் போட்டார். வீடியோவில். நான் போட்ட கடிதத்தை ஒருத்தர் படித்திருக்கிறார், அண்ணாச்சி! இத்தனை வருட சர்வீசில் இது முதல் தடவை.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மெலிந்த மனிதர். தலை குனிந்து வணங்கினார். முதலில் கபடியைப் பற்றிப் பேசினார். "நான் அந்த விளையாட்டைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளிகள் நடுவே தனியாகப் போய்த் திரும்பி வர வேண்டுமாமே. முத்துப்பேச்சி அவர்களிடம் அந்தக் குணம் தெரிகிறது" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

பிறகு விஷயத்துக்கு வந்தார். அவள் எழுதிக் கொடுத்த கணக்குகள் நவம்பரோடு நின்றுபோகின்றனவாம். ஏன் என்று அவள் எழுதவில்லையாம். 'சுவர் மாறிவிட்டது' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறதாம். உங்கள் கல்லூரிச் சுவரில் என்ன நடந்தது, அந்த நத்தைகள் இப்போது எங்கே என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பாருங்கள், ஒரு வெளிநாட்டுக்காரர். உங்கள் சுவரில் நத்தை இருக்கிறதா என்று கேட்கிறார். நம் வீட்டுக்கு வந்து உங்கள் பாயில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதிலும் ஜப்பான்காரர்கள். சுத்தத்துக்குப் பேர் போனவர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "எங்கள் சுவரில் நத்தையே கிடையாது."

"முன்பு இருந்ததா?"

"எப்போதும் இருந்ததில்லை. எங்களுடையது பூச்சி புழுக்கள் அற்ற தூய வளாகம்."

நெட் போய்விட்டதோ என்று நான் மௌஸைத் தட்டிப் பார்த்தேன். பிறகு அவர், "அப்படியா" என்றார். வணங்கினார். முடிந்தது. கல்லூரியின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் இந்தப் பெண் என் அறை வாசலில் நிற்கிறாள்.

"சார், நத்தையே இல்லேன்னு சொன்னீங்களா சார்?"

"ஆமா."

"நான் இல்லாததை எழுதியிருக்கேன்னு நினைக்கிறாங்க சார். விளக்கம் கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா விண்ணப்பத்தை எடுத்துக்க மாட்டாங்க."

"இல்லாததை எழுதினா என்ன இப்போ? எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி. "இருந்துச்சே சார்," என்றாள். "நீங்களும் பாத்திருக்கீங்களே சார். நெயில் பாலிஷ்னுகூட..."

"போட்டோ இருக்கும்ல, அனுப்பு."

"அனுப்பினேன் சார். கிட்டத்துல எடுத்த போட்டோ எல்லாம். துறைத் தலைவரே இல்லேங்கறப்போ இது அந்தச் சுவர்தான்னு எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. நீங்க ஒரே ஒரு வரி எழுதினாப் போதும் சார். நத்தை இருந்தது, சுண்ணாம்பு அடிச்சோம். அவ்வளவுதான் சார்."

அவ்வளவுதானாம்! கமிட்டிக்குக் கொடுத்த தாளில் 'பூச்சி புழுக்கள் அற்ற' என்று போட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது யார்? நான். இப்போது ஜப்பானுக்கு 'நத்தை இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாளைக்கு அந்தக் கமிட்டியும் இந்தப் பேராசிரியரும் எங்கேயாவது ஒரு கருத்தரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டால்? பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஒரு கல்லூரியின் கிரேடா, ஒரு பெண்ணின் சீட்டா? திசையன்விளை ஒன்றும் அவ்வளவு மோசமான ஊர் இல்லை என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தாள். ஆள் மாறியிருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, பளிச்சென்று.

"சார், நல்லா யோசிச்சேன். நீங்க சொன்னதுதான் சார் சரி. நம்ம காலேஜ் பேர்தான் முக்கியம்."

"இப்பவாவது தெரிஞ்சுதே."

"ஜப்பான்ல சுத்தம்தான் சார் எல்லாத்தையும் விடப் பெருசு. நம்ம வளாகத்தை நீங்களே ஹோரிகாவா சாருக்கு வீடியோவில காட்டினா என்ன சார்? நீங்க பண்ணின வேலையை நேர்ல பாத்தா அவருக்கு நம்ம மேல இருக்கற அபிப்பிராயமே மாறிடும். அஞ்சு நிமிஷம் பேச ஒத்துக்கிட்டாரு சார்."

எனக்கு அந்த யோசனை ஏற்கெனவே இருந்தது. அவள் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். பெண் கொஞ்சம் பக்குவப்பட்டிருக்கிறாள், நாம் கண்டித்தது வீண்போகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

சேரன்மகாதேவி வந்துவிட்டதா? டீ ஏதாவது சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா? சரி, பஸ் இங்கே நிற்கிற நேரத்தில் டீ வரவும் வராது.

அவள் செல்போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நான் முன்னால் நடந்தேன். வெயிலில் சுவர் கண்ணைக் கூசவைத்தது. "இதோ பாருங்கள்," என்று கையை விரித்துக் காட்டினேன். "ஒரு கறை உண்டா? ஒரு பாசி உண்டா?" அவர் "மிகவும் வெள்ளையாக இருக்கிறது" என்றார். பிறகு மெதுவாக, "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

அண்ணாச்சி, வெள்ளையை மட்டும் காட்டினால் வெள்ளையின் அருமை எப்படித் தெரியும்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து முத்துப்பேச்சி, "சார், அந்த 'முன்பு - இன்று' போர்டு" என்றாள். அதுவும் நான் சொல்ல வந்ததுதான். கமிட்டிக்கென்று பெரிய ஃபிளெக்ஸ் அடித்து வராந்தாவில் மாட்டியிருந்தோம். இடது பக்கம் பழைய சுவர், 'முன்பு'. வலது பக்கம் புதிய சுவர், 'இன்று'. கமிட்டிக்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"இந்த அசிங்கத்தைப் பாருங்கள்," என்றேன். "இதுதான் பழைய நிலைமை. பாசி, பொந்து, புழு, நத்தை, சகலமும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழித்தேன்."

"கொஞ்சம் பக்கத்தில் காட்ட முடியுமா?"

காட்டச் சொன்னேன். அவள் செல்போனை ஃபிளெக்ஸ்மேல் ஒட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனாள். அவரும் அந்தப் பக்கம் திரையில் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். நல்ல பிரின்ட், அண்ணாச்சி. சிவகாசியில் அடித்தது. பொந்தைச் சுற்றி நத்தைகள், ஓட்டில் சிவப்புப் புள்ளிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

"இது எப்போது நடந்தது?"

"நவம்பர். கமிட்டி வருவதற்கு முந்தின வாரம்."

"அப்படியானால் அதுவரை இங்கே நத்தைகள் இருந்தன?"

"ஏராளமாக இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. அதுதானே சாதனை!"

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? முன்னால் இல்லை என்று சொன்னேனே என்றா? அண்ணாச்சி, முதல் தடவை அவர் அதைக் குறையாகக் கேட்டார், இல்லை என்றேன். இரண்டாம் தடவை சாதனையாகக் கேட்டார், இருந்தது என்றேன். கேட்கிற விதத்தில்தானே பதில் இருக்கிறது. நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து நின்று, இடுப்பை வளைத்து, தலை மேஜைக்குக் கீழே போகிற அளவுக்குக் குனிந்தார். திரையில் அவர் பின்னால் இருந்த புத்தக அலமாரி மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் ஊரில் எவ்வளவு குனிகிறார்களோ அவ்வளவு மரியாதையாம். திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் நின்ற இவளும் அதே மாதிரி குனிந்திருந்தாள். குரு வணங்கப்படும்போது சிஷ்யை நிமிர்ந்து நிற்கக்கூடாது என்கிற அறிவு இருந்திருக்கிறது. பிறகு இரண்டு பேரும் ஜப்பானிய மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"என்னம்மா சொல்றாரு?"

"மன்னிப்புக் கேக்கறாரு சார்."

"எதுக்கு? நேரத்தை எடுத்துக்கிட்டதுக்கா? பரவாயில்லேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். எவ்வளவு நேரம் சொன்னாள் என்கிறீர்கள்!

சீட் கிடைத்துவிட்டது. ஸ்காலர்ஷிப்போடு. திசையன்விளை மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பேசி முடித்தார்கள். சுத்தத்துக்குக் கிடைத்த சீட் அது. நான் எங்கே போனாலும் சொல்வதுண்டு. ரோட்டரி சங்கத்தில்கூட அழைத்துப் பேசச் சொன்னார்கள், 'ஜப்பானும் நாமும்' என்று. ஆனால் அவள் ஒரு ஸ்வீட் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தாளா? கிளம்புவதற்கு முன்னால் சர்டிபிகேட் வாங்க வந்தாள். நானாகக் கேட்டேன், "ஒரு நன்றிகூட இல்லையாம்மா?"

"நீங்க இல்லேன்னா இது கிடைச்சிருக்காது சார்," என்றாள். "அந்த போர்டுகிட்ட நீங்க பேசலேன்னா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் சிரித்து நான் பார்த்தேன். வார்த்தை சரியாகத்தான் இருந்தது. சிரித்த விதம்தான் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகட்டும். நாம் பெரியவர்கள், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஹோரிகாவா எனக்கு மெயில் போட்டிருக்கிறார். வருகிற நவம்பரில் நேரில் வருகிறாராம், அவளையும் கூட்டிக்கொண்டு. எங்கே? எங்கள் கல்லூரிக்கு. எதைப் பார்க்க? அந்தச் சுவரை! அவள் அங்கே செய்கிற ஆராய்ச்சியே இப்போது அதுதானாம். சுண்ணாம்பு அடித்து ஒழித்த சுவருக்கு என்னென்ன உயிர் திரும்பி வருகிறது, எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று. பட்டமே இதை வைத்துத்தான் கொடுக்கப் போகிறார்களாம். நான் அடித்த சுண்ணாம்புக்கு ஜப்பானில் பட்டம், அண்ணாச்சி! மெயிலின் கடைசியில், எங்களுக்காக விசேஷ ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம், சுவரை அப்படியே விட்டுவைத்தால் அதுவே பெரிய உதவி என்று எழுதியிருக்கிறார். பண்புள்ள மனிதர். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளி, ஒன்றும் செய்யாதீங்க, ஒரு காபி போதும் என்றுதான் சொல்வார். அதற்காக வெறும் காபியோடு அனுப்பிவிடுவோமா?

போன வாரம் போய்ச் சுவரைப் பார்த்தேன். மானம் போகிறாற்போல இருக்கிறது. இரண்டு மழை பார்த்த சுண்ணாம்பு எப்படி இருக்கும்? அடியில் பச்சைப் பாசி. சிமென்ட் விண்டு பொந்து தெரிகிறது. அந்தப் பொந்தில் நத்தை, அதுவும் குட்டி நத்தை, கடுகு மாதிரி. கடல் தாண்டி வருகிறவர் இதையா பார்ப்பது?

அவளே போன் செய்தாள். அங்கிருந்து. "சார், சுவரைத் தொட வேணாம் சார். யாரையும் தொட விடாதீங்க சார். எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். இது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்லை சார்." குரல் தழதழத்தது. பாசம்தான். நேரில் இருந்தபோது ஒரு வார்த்தை பேசாத பெண். தூரத்தில் போனால்தான் தெரிகிறது, இல்லையா?

"நீ ஒண்ணும் கவலைப்படாதே," என்றேன். "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

"சார், ப்ளீஸ் சார்," என்று மறுபடியும் ஆரம்பித்தாள். வெளிநாட்டுக் கால், காசு ஓடுமே என்று நானே வைத்துவிட்டேன்.

ஜங்ஷன் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும். உங்கள் பையன் விஷயமாக எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். யோசிக்காதீர்கள். இப்போதா? பெயிண்ட் கடைக்குத்தான் போகிறேன். இந்தத் தடவை சுண்ணாம்பெல்லாம் இல்லை, வெளிச்சுவருக்கென்றே மருந்து கலந்த பெயிண்ட் ஒன்று வந்திருக்கிறதாம். இரண்டு கோட் அடித்தால் பத்து வருடத்துக்குப் பாசி பிடிக்காது, ஒரு ஜீவன் அதில் ஏறாது என்று கடைக்காரர் போனில் சொன்னார். விலை கொஞ்சம் கூடுதல்தான். இருக்கட்டும் அண்ணாச்சி, அந்தப் பெண்ணுக்காகத்தானே.